எண் போட்ட குச்சிகள்

முதல் நாள் உள்ளே வந்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்பே, தச்சர் என் சாப்பாட்டு மேசையை விரல்முட்டியால் தட்டினார். அலமாரியைத் தட்டினார். கதவையும் தட்டினார், உள்ளே வந்த பிறகு. "இது மரமில்ல டீச்சர். மரம்னு சொல்லிக்கிட்டுத் திரியுது," என்றார். பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறக்குமுன் அவர் மேசையைத் தட்டிப் பார்ப்பாராம். தெருவில் இவருக்கு 'டொக்கு' என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது. தட்டிய இடம் உள்ளே காலியாய், பொள்ளலாகச் சத்தம் போட்டால்தான் வரும்.

தச்சருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். காதில் ஒரு பென்சில், சட்டைப்பையில் ஒரு பென்சில். தேடிக்கொண்டிருப்பது மூன்றாவதை. என் சமையலறை மேடைக்கு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைப் போட்டிருந்தார். அசல் மரத்திலிருந்து சீவிய மெல்லிய தகட்டை, வெனீர் என்கிறார்கள், அதன்மேல் ஒட்ட வேண்டும். முழு நீளத்துக்கும் ஒரே தகடு. அதன் ரேகை பிடித்துப்போய் நான் எடுத்தது. கெட்டுப்போனால் கடையில் இன்னொன்று இல்லை.

"பசையை ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா கையில ஒட்டாத அளவுக்குக் காய விடணும். அப்புறம் பலகையும் தகடும் ஒண்ணையொண்ணு தொட்டுச்சோ, கடவுளே வந்து இழுத்தாலும் நகராது." அதனால் பலகையின் குறுக்கே குச்சிகளைப் பரப்பி, தகட்டை அவற்றின்மேல் கிடத்தி, ஓரம் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவி அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஆளுக்கொரு பக்கம். நான்கு கை இல்லாமல் ஆகாது. மற்ற இரண்டு கை அவர் மனைவியின் தம்பியுடையது. பதினாறு வருஷக் கூட்டு. நாலு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

காரணம் ஒரு குச்சி. ஒரு துணிக்கடை மேடையில் அது உள்ளேயே மாட்டிக்கொண்டு, வெனீருக்கு அடியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எல்லா இடமும் கண்ணாடி மாதிரி வழவழப்பு, நடுவில் மட்டும் விரல் தடிமனுக்கு ஒரு புடைப்பு. உருவாமல் விட்டது நீ, இல்லை நீங்கள் என்று ஆரம்பித்தது, வீட்டு விசேஷத்துக்கும் போகாத அளவுக்கு முற்றிவிட்டது.

பசை டப்பாவைக் கலக்கிக்கொண்டே மைத்துனர் என்னிடம் சொன்னார்: "இதான் கடைசி டீச்சர். திங்கக்கிழமையிலேருந்து வேற பட்டறைக்குப் போறேன்." மெதுவாகச் சொல்லவில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த தச்சரின் கை சற்று நின்றது. பிறகு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது.

வேலை முழுக்க என் மூலமாகவே நடந்தது.

"டீச்சர், ஓரத்துல பசை பத்தலன்னு சொல்லுங்க."

"டீச்சர், எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவே ஐந்தடி கூட இல்லை. இரண்டாம் வகுப்பில் இதைவிடப் பெரிய சண்டைகளைத் தீர்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு மீசை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பசை காய்ந்ததும் தச்சர் ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்தார். புதிதாய் அறுத்த குச்சிகள், பலகையின் அகலத்தைவிட ஒரு சாண் கூடுதல். ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் எண், ஒன்று முதல் ஒன்பது வரை. மைத்துனர் அந்த எண்களைப் பார்த்தார்.

தகட்டைத் தூக்கிக் கிடத்தினார்கள். ஓரம் சரியாக வந்தது. தச்சர் நடுவிலிருந்த ஐந்தாம் எண்ணின் நுனியைப் பிடித்தார். உருவவில்லை.

"டீச்சர், அவன்கிட்ட..." என்று என் பக்கம் பார்த்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாப்ளே, அன்னிக்குக் குச்சி ஒண்ணு குறைஞ்சுது. ஒடிஞ்சு கிடந்த குட்டையை நாந்தான் நடுவுல வெச்சேன். வெளியவே நீட்டல, உன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வெச்சதையே மறந்துட்டேன். ஞாபகம் வந்தப்ப வாய் வரல."

மைத்துனர் தகட்டின் மறுமுனையை விடாமல் அவரையே பார்த்தார்.

"இதச் சொல்ல நாலு மாசமா மாமா? சரி, உருவுங்க. என் பக்கம் நழுவுது."

ஐந்தாம் எண் வந்தது. பிறகு நான்கும் ஆறும். இருவரும் நடுவிலிருந்து விலகி விலகி, அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனார்கள். என்னை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. கடைசிக் குச்சியை உருவிவிட்டு மைத்துனர்தான் கேட்டார்: "அந்தப் பட்டறைக்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"டீச்சர விட்டுச் சொல்லச் சொல்லு," என்றார் தச்சர்.

மைத்துனர் சிரித்துவிட்டார். தச்சர் சிரிக்காமல் தன் முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். ஓர் இடம்கூடப் பொள்ளலில்லை. பாதி மேடை வந்ததும் நின்றார். எதிரே மைத்துனர் ஒட்டிய பாதி கிடந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்க்கிற மனிதர், அதைத் தட்டாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.