டேவிட் என்ற கணக்கு

நானும் என் கணவர் டேவிட்டும் பெரிய முதலியார்சாவடியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். இணையதளப் பெயர்களைப் பதிவு செய்யும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைச் சேர்ந்தே சர்வரில் நிறுவிக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு மரக்காணத்தில் மாமனார் வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை கடற்கரைக்குப் போன டேவிட்டைச் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

ஜனவரியில் நான் மட்டும் வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள், சர்வருக்குள் நுழைய முயன்றவர்களின் பதிவைப் பார்த்தேன். ‘டேவிட்: கடவுச்சொல் தவறு’ என்றிருந்தது. அது அவர் மட்டுமே பயன்படுத்திய கணக்கு. எங்கோ உயிரோடு இருக்கிறார், அதிர்ச்சியில் கடவுச்சொல்லை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். உடனே மாமனாருக்குப் போன் செய்தேன். உப்பளத்தில் சேறு வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார்.

அவருக்குக் காட்டும்போதுதான் அடுத்த வரிகளைப் படித்தேன். டென்னிஸ், எட்வர்ட், எரிக் என்று யார் யாரோ. ஏதோ ஒரு திருட்டு நிரல், வழக்கமான பெயர்களை வரிசையாக முயன்று பார்த்திருக்கிறது.

“அவன் இல்லியாம்மா?” என்றார்.

“இல்ல மாமா. எவனோ திருடன். இந்தப் பேர வச்சு உள்ள பூந்துடலாமான்னு பாக்குறான்.”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எடுத்துடும்மா. எம்புள்ள பேர்ல எவனும் உள்ள வரக்கூடாது.”

கணக்கை நீக்கினேன்.

அதுவரை எல்லோரிடமும் டேவிட்டைக் காணவில்லை என்றுதான் சொல்லிவந்தேன். அன்று பஸ் ஏற்றிவிடும்போது, டேவிட்டின் ஆன்மாவுக்காகக் கோயிலில் பாதிரியாரிடம் சொல்லி ஒரு பூசை வைக்கும்படி மாமாவிடம் நானே சொன்னேன்.