கிரகணத்தில் நறுக்கிய கத்தரிக்காய்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோர்க்கடை போட்டிருந்தவள் திரௌபதி. வெளியூர்க்காரர்களுக்கு அவள் மோர்க்கார அம்மா. ஊர்ப் பெண்களுக்கோ, கிரகணத்தன்று கத்தரிக்காய் நறுக்கியவள்.

அந்தச் சூரிய கிரகணம் தீபாவளிக்கு மறுநாள் பிடித்தது. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. இந்த முறை தங்கிப் பிறந்த எழிலுக்கு வலது காது மடலே இல்லை. வலது கையில் கட்டைவிரலும் இல்லை. மாமியார் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிரகணத்தில் எதை வெட்டினாய் என்றுதான் முதலில் கேட்டாள். பெற்ற அசதியில் யோசித்து யோசித்து, அன்று காலை குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கியதை திரௌபதி ஒப்புக்கொண்டாள். கிரகணம் பிடிக்கும் முன்பா, விட்ட பிறகா என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பின் எந்த வீட்டு வளைகாப்பிலும் அவள் கை வளையல் போடவில்லை. நாத்தனார் சரோஜாவின் மகள் வளைகாப்பில்கூட அடுப்படியிலேயே இருக்கச் சொன்னார்கள். இன்னொன்றும் இப்படிப் பிறந்துவிடுமோ என்று பயந்து ஆபரேஷன் செய்துகொண்டாள். கணவன் இருசப்பன் மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

எழில் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேங்கிக்காலில் குடியிருந்தாள். போன வருஷம் அவள் உண்டானபோது, தன் குறை பிள்ளைக்கும் வருமா என்று கேட்கச் சென்னையில் ஒரு மரபணு டாக்டரிடம் போனார்கள். அம்மாவும் அப்பாவும் கூடப் போனார்கள். பேச்சின் நடுவே டாக்டரம்மா இருசப்பனின் இடது கையைப் பார்த்தார். மூன்று விரல்கள் நகமில்லாமல் சூம்பியிருந்தன. கொதிக்கிற எண்ணெய் கொட்டியது என்றாள் எழில். எண்ணெய்ப் புண் இப்படி இருக்காதே என்றார் டாக்டர்.

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். கல்யாணத்துக்கு முன் வடக்கே ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. குழாய் வெல்டிங்கைக் கதிர்வீச்சு வைத்துப் படமெடுத்துச் சோதிப்பார்கள். ஒருநாள் கதிர் வீசும் குண்டு பெட்டிக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்டது. கையாலேயே எடுத்துப் போடச் சொன்னார்கள், எடுத்தான். விரல்கள் வெந்ததும், வாயைத் திறக்காதே என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் மாதம் கல்யாணம்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "அப்பா மேல பட்ட கதிர்வீச்சு குட்டிகளைப் பாதிக்கிறத எலிகள்ல பார்த்திருக்காங்க. மரபணு அப்படியே இருக்கும். அதுல எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்ங்கிற குறிப்பு மட்டும் மாறிப் போய் பிள்ளைக்கு வரலாம். மனுஷங்ககிட்ட இன்னும் நிரூபிக்கல. உங்க பொண்ணுக்கு அதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். இல்லைன்னும் சொல்ல முடியாது."

திரௌபதி ஒன்றே ஒன்று கேட்டாள். "கிரகணத்துல காய் நறுக்குனா வருமாங்க?"

"வராதும்மா."

திரும்பும்போது பஸ்ஸில், செங்கம் ரோடு விளக்குகள் தெரிந்தபோதுதான் அவள் இருசப்பன் பக்கம் திரும்பினாள். எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டாள்.

"ரெண்டாவது கரு போனப்பவே."

"எங்கம்மா ஊட்டுக்காரங்கள நிக்க வெச்சி உங்கம்மா கேட்டாங்களே, அப்பவும் கம்முனு இருந்தியே."

"எனுக்குத்தான் கோளாறுன்னு ஊரே பேசும்னு பயந்துட்டேன்."

மாமியார் செத்து எட்டு வருஷமாகிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? சரோஜாவிடமாவது சொல் என்று திரௌபதி அவனை இழுத்துக்கொண்டு போனாள். சரோஜா முழுவதும் கேட்டுவிட்டு, தம்பியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத்தினி வருசமா மனசுலயே வெச்சிக்கினு இருந்தியாடா." திரௌபதி பக்கம் திரும்பி, டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லையே என்றாள். காபி போட எழுந்து போனாள். முதல் டம்ளரைத் தம்பிக்குக் கொடுத்தாள்.

தை மாதம் எழிலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காது, விரல் எல்லாம் சரியாக இருந்தன. பிள்ளை பார்க்கப் போன திரௌபதி வேங்கிக்காலிலேயே தங்கிவிட்டாள். இருசப்பன் பஸ் ஏறி வந்து வாசலில் நிற்பான். அப்பாவும் பாவம்தானே அம்மா என்று எழில் ஒருநாள் சொன்னாள். திரௌபதி குழந்தையின் துணிகளை வாரிக்கொண்டு மாடிக்குப் போனாள். அவன் பஸ் ஏறிப் போனபின்தான் கீழே இறங்கினாள்.