நாற்பது சுற்றும் இல்லாத கதவும்

எந்தப் பொருளையும் தென்றல் நேராகப் போய்த் தொடமாட்டாள். முதலில் அதை வலமாக ஒரு சுற்று சுற்றுவாள். புது சைக்கிள், கல்யாண வீட்டில் இறக்கிவைத்த சாம்பார் அண்டா, கடைக்கு வந்து இறங்கிய ஜெராக்ஸ் இயந்திரம், எதுவானாலும் சரி. பொருள் அவளுடைய வலக்கைப் பக்கம் இருக்கும், நடந்துகொண்டே பார்ப்பாள். பத்து வயதிலிருந்து இதைக் கவனித்துவருகிறேன். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுகிற ஊரில் இது யாருக்கும் விசேஷமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவளிடம் இருக்கும் எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை என்பதால்தான்.

தென்றல் என் பெரியம்மா மகள். என்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட முப்பத்தெட்டு மதிப்பெண் அதிகம். அந்த ஆண்டுதான் கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்தார். “ரெண்டு மாசம்தான்” என்று சொல்லிவிட்டு, வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே கோதண்டராமன் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்யப் போனாள் தென்றல். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். அந்த இரண்டு மாதம் ஆறு ஆண்டுக்கு மேல் ஓடியது. நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டு குடும்பத்திலும் முதல் பட்டதாரி நான்தான். கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டுமே, அதற்கான விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள். “பேர்ல தப்பு இருக்கா பாருடி” என்று நீட்டினாள். தப்பு இல்லை. அவள் முகத்திலும் ஏதாவது வருத்தம் தெரிகிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கடை ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டராக இருந்தது. பின்னறையில் மிச்சமிருந்த ஒரு பழைய கணினியில் யாரோ ஏற்றிவைத்த விளையாட்டு ஒன்று இருந்தது. கிரேவன்ஹால் என்று பெயர். தன் பெயரை மறந்துபோன ஒரு வீரன் வாளோடு ஐந்து நிலங்களைக் கடந்து போகிறான். அவனை ஓடவைப்பதும் உருளவைப்பதும் வெட்டவைப்பதும் நம் விரல்தான். செத்தால் அந்த நிலத்தின் தொடக்கத்துக்கே வர வேண்டும். ஜெயித்தால் கிடைக்கும் பலத்தை உடம்புக்குக் கொடுப்பதா, வாளுக்குக் கொடுப்பதா, பேசி மடக்க நாக்குக்குக் கொடுப்பதா என்பது நம் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனு கொடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் அண்ணன் சாவியைத் தென்றலிடமே விட்டிருப்பார். நாங்கள் இருவரும் மாறி மாறி ஆடினோம். அரசு கொடுத்த மடிக்கணினி என்னிடம் இருந்தது. பிறகு அதிலும் அதை ஏற்றிக்கொண்டேன்.

கிரேவன்ஹால் வெளிவந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. வாள் மெதுவாக வீசுகிறது என்று ஒரு கூட்டம் குறை சொல்லும்; அந்த மெதுவில்தான் பயமே இருக்கிறது என்று இன்னொரு கூட்டம் எகிறும். கடைசியில் வீரனுக்குப் பெயர் கிடைக்காமல் போவது சிலருக்கு ஏமாற்று வேலை, சிலருக்கு அதுதான் நேர்மை. தமிழ் ஆட்டக்காரர்களுக்கென்று ஓர் இணையக் குழு உண்டு. அதில் என் கருத்தை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். நான்கு பக்கம். கல்லூரியில் கற்ற பெரிய சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. ஏழு பேர் விருப்பம் போட்டார்கள். ஒருவர், “சுருக்கம் ப்ளீஸ்” என்று கேட்டிருந்தார்.

அடுத்த வாரம் தென்றல் எழுதினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வடிவம்தான்.

“அனுப்புநர்: பெயர் இழந்த வீரன், இரண்டாம் நிலம். பெறுநர்: இவ்விளையாட்டைச் செய்தவர்கள். பொருள்: பாலத்தின்மேல் நிற்கும் பூதம் தொடர்பாக. ஐயா, மேற்படி பாலத்தில் நான் இதுவரை அறுபத்துமூன்று முறை இறந்துள்ளேன். என்னிடம் உள்ள வாள் பரம்பரைச் சொத்து அல்ல, பிணத்தின் அருகே கண்டெடுத்தது. அக்கரைக்குப் போக எனக்கு வேறு பாதை இல்லை. ஆகவே ஐயா அவர்கள், நான் வெல்லும்வரை மேற்படி பூதத்தை வேறு இடத்துக்கு மாற்றாமல் அங்கேயே நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

மூவாயிரம் பேருக்கு மேல் விருப்பம் போட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர், இருபது ஆண்டாக இந்த விளையாட்டை ஏன் விடமுடியவில்லை என்று இப்போதுதான் புரிந்தது என்று எழுதினார். அதைவிட வலித்தது ஒன்று உண்டு. நான் மடிக்கணினியில் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்கு விளக்க மூன்று ஆண்டாக முயன்றிருக்கிறேன். முடிந்ததில்லை. தென்றலின் மனுவைப் படித்துவிட்டு அம்மா கண்ணில் நீர்வரச் சிரித்தாள். “அடிப் பாவி, அறுவத்தி மூணு வாட்டி செத்தானா? இதத்தான் நீ தெனம் ஆடினு இருக்கியா?” என்று என்னிடம் கேட்டாள்.

“எப்படிடி எழுதின?” என்று தென்றலைக் கேட்டேன்.

“மனுல அழக்கூடாது கீதா. என்னா நடந்துச்சி, எத்தன வாட்டி நடந்துச்சி, என்னா வேணும். அவ்ளோதான். நீ எழுதனதுல உனக்கு என்னா வேணும்னே தெரியல.”

அவள் குத்திக்காட்டவில்லை, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வரும் ஒரு மனுதாரரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்கு என்ன வேண்டும் என்பதோ எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த மூவாயிரம் வேண்டும்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. கிரேவன்ஹாலைப் புதுப்பித்து வெளியிடப்போகும் நிறுவனம், தமிழிலும் அதைக் கொண்டுவருகிறதாம். பாத்திரங்களின் பேச்சைத் தமிழில் எழுதப் பழைய ஆட்டக்காரர் ஒருவரைச் சென்னைக்கு எடுப்பார்களாம். முதலில் மூன்று மாதம், பிறகு பார்க்கலாம். விளையாட்டைப் பற்றி ஒரு கருத்து எழுதி அனுப்ப வேண்டும். வந்ததையெல்லாம் குழுவிலேயே வெளியிடுவார்கள். பட்டம் அவசியமில்லை. அந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன். இரண்டு ஆண்டாக வேலை தேடிக்கொண்டிருந்தவள் நான். வங்கித் தேர்வு, குரூப் தேர்வு, கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் வரவேற்பாளர் வேலை என்று எதுவும் அமையவில்லை. முதல்முறையாக எனக்காகவே ஒரு வேலை வந்திருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன், தென்றலிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டாள்.

கிரேவன்ஹாலில் தீராத ஒரு வழக்கு உண்டு. மூன்றாம் நிலத்தில் ஒரு மொட்டைக் குன்று நிற்கிறது. அதற்குள் போக ஒரு கதவு இருக்கிறது என்பார்கள் சிலர். படம்கூடப் போட்டிருக்கிறார்கள். ஆனால் எப்படித் திறந்தது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. படம் வெட்டி ஒட்டியது, கதவே கிடையாது என்பார்கள் மற்றவர்கள். தென்றல் இரண்டாவது கட்சி. நாற்பது முறை அந்தக் குன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்றல் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் வீட்டில் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். குன்றின் அடியில் ஓநாய்க் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. தப்பிக்கத் திரும்பி, வந்த வழியே இடமாக ஓடினேன். அப்படி ஓடுவது விரலுக்கே கூச்சமாக இருந்தது, ஏதோ செய்யக்கூடாததைச் செய்வதுபோல. ஓநாய்கள் விடவில்லை. நிற்காமல் மூன்று சுற்று ஓடினேன். மூன்றாவது சுற்றின் முடிவில் பாறை விலகிக் கதவு திறந்தது.

விளையாட்டை அந்த இடத்தில் சேமித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தென்றல் நாற்பது முறையும் வலமாகத்தான் சுற்றியிருப்பாள். நானும் இத்தனை ஆண்டு அப்படித்தான் சுற்றியிருக்கிறேன். வேறு திசையில் போகலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வராது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் வராது.

முதலில் அவளிடம் சொல்லத்தான் போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை கடையிலிருந்து வந்தவள் ஒரு தாளை நீட்டினாள். “கீதா, அந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போறேன். இங்கிலீஷ்ல அட்ரஸ் கரெக்டா இருக்கான்னு மட்டும் பாரு.”

பொருள் வரியைப் படித்தேன். மூன்றாம் நிலத்துக் குன்றில் இல்லாத கதவைப் பற்றிய வதந்திக்கு முற்றுப்புள்ளி வைக்கக் கோருதல். கீழே, நாற்பது சுற்றையும் தேதிவாரியாகப் போட்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

சொல்ல வாய் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா, “அவளுக்கு என்னாடி, அவ எழுதனா கல்லும் சிரிக்கும்” என்றாள் அடுப்படியிலிருந்து.

“நல்லாருக்கு” என்றேன். “அனுப்பு.”

அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து எல்லாக் கருத்துகளும் வெளியாயின. என்னுடையதில் கதவின் படமும் திறக்கும் முறையும் இருந்தன. இடமாக, நிற்காமல், மூன்று சுற்று. ஆளாளுக்கு முயன்று பார்த்து, திறக்கிறது என்று கூவினார்கள். தென்றலின் மனுவுக்குக் கீழே ஆரணிக்காரர் அருள்ராஜ், “நாப்பது சுத்து சுத்தியும் கதவு தெரியலையா? மனு எழுதற மேடத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா” என்று எழுதினார். சிரிப்புப் படங்கள் குவிந்தன. ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தேன். எனக்கு அது நல்ல மாலையாக இருந்தது. மறுநாள் காலை வரைக்கும்தான்.

காலையில் தென்றல் துணை மனு ஒன்றைப் போட்டிருந்தாள்.

“அருள்ராஜ் அவர்களுக்கு, கண்ணாடி வேண்டாம், கண் நன்றாக உள்ளது. நான் திருவண்ணாமலை. எங்கள் ஊரில் மலை என்றால் வலமாகத்தான் கால் போகும். விரலும் அப்படியே போய்விட்டது. கதவு உள்ளது, என் மனு தவறு. கண்டுபிடித்த கீதாஞ்சலி என் சித்தி மகள், இதே ஊர். ஊர்ப் பழக்கத்தை மீறி விரலைத் திருப்பியிருக்கிறாள் என்றால் அவள்தான் இந்த விளையாட்டைச் சரியாக ஆடியவள். ஆகவே, விளையாட்டைப் புதுப்பிப்பவர்கள் வலமாக வருகிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் கையே தங்களை மறித்தது என்று ஒருநாள் தெரிந்துகொள்ளட்டும். அதற்காகத்தானே ஆடுகிறோம்.”

அருள்ராஜ் மன்னிப்புக் கேட்டார். கிரேவன்ஹாலைப் பற்றி இதுவரை வந்த கருத்துகளில் இதற்குத்தான் முதலிடம் என்று குழுவே சொன்னது. வேலை தென்றலுக்குப் போனது. உண்மையைக் கண்டுபிடித்தவள் நான். தவறாக எழுதியவளை எடுத்துக்கொண்டார்கள். இதை வாய்விட்டுச் சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை. அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் துணை மனுவில் அவள் எழுதாமல் விட்ட ஒன்று இருந்தது. என் படத்தின் மூலையில், விளையாட்டைச் சேமித்த தேதி தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் என்னிடம் தாளை நீட்டிய வியாழனுக்கு முந்தையது. ஒரு மனுவில் தேதியைத்தான் தென்றல் முதலில் பார்ப்பாள். அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அவள் சென்னைக்குக் கிளம்பிய அன்று காலையில் பேருந்து நிலையத்துக்கு நானும் போனேன். பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். என்னால் தாங்கமுடியவில்லை.

“தேதியப் பாத்தல்ல?” என்றேன்.

“பாத்தேன்.”

“அப்பறம் ஏன் என்னைப் பத்தி அப்படி எழுதின?”

“கதவு நீதானே கண்டுபுடிச்ச? அது உண்மதானே. அத மறைக்க முடியுமா?” என்றாள். “ஆனா உன்ன விடமாட்டேன்டி. ஒருநாள் உக்காரவெச்சி நல்லாத் திட்டணும். இப்ப டைம் கம்மி.”

“இப்பவே திட்டிடு.”

“போடி, வண்டி எடுக்கறான்.”

மூன்று மாதம் ஒன்பது மாதமாகிவிட்டது. வேலையை நீட்டித்துவிட்டார்கள். பூதம் இப்போது தமிழில் பேசுகிறதாம். நான் மறுபடியும் குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். இடையில் தீபத்துக்கு வந்தாள். அம்மாவுக்குப் புடவை, எனக்கு நல்ல ஹெட்போன். மூன்று நாள் இருந்தாள். சிரித்தாள், என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள், பெரியப்பாவின் இடுப்பைப் பற்றிப் பேசினாள். நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். திட்டவில்லை.

போன வாரம் நானே போனில் கேட்டேன். “திட்டறேன்னு சொன்னியே, என்னா ஆச்சி?”

“அதுவா? ஜாஸ்தி இருக்குடி. போன்ல பத்தாது” என்றாள்.

அந்தத் திட்டை அவள் இன்னும் எனக்குத் தரவில்லை.