பதினோராவது கல்

வெயிலில் காய்ந்த இஞ்சிப்புல்லை மிதித்தால் எழும் எலுமிச்சை வாசனையும், கையில் கசங்கிய குருத்தோலையின் பச்சை வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மொட்டை மலையும் அதன் உச்சியிலிருந்த மரச்சிலுவையும் கண்முன் வந்து நின்றுவிடும். வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் "லயம்", அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிறு மதியம் லயத்துச் சபை முழுவதும் அந்த மலை ஏறும். அந்தக் காலத்தில் எருசலேமுக்கு நடந்துபோனவர்கள் வழியில் பாடிய, பைபிளிலுள்ள ஆரோகண சங்கீதங்கள் பதினைந்து என்பதால், பாதையில் பதினைந்து கல் நட்டு, கல்லுக்கு ஒரு பாட்டு என்று வைத்திருந்தார்கள். சண்டைக்காரர்கள் நடுவே குடியிருந்து அலுத்துப்போனவன் புலம்புவதில் தொடங்கி, மலையைப் பார்த்து உதவிக்கு ஏங்கி, அழுதுகொண்டே விதைத்து, கடைசியில் ஆண்டவர் வீட்டில் போய் நிற்பதுவரை, பாட்டாகவே ஒரு நீண்ட நடை அது. எங்கள் சபையில் அதற்கு ஒரு சட்டமும் உண்டு: "கடைசி ஆள் கல்லத் தொட்டாத்தான் பாட்டு." பிள்ளைத்தாச்சியானாலும் மூச்சிரைப்புக்காரரானாலும் சரி, அவர் வந்து தொடும்வரை வாய் திறக்கக் கூடாது.

எனக்குப் பத்து வயதான வருஷம் கடைசி ஆள் என் அம்மா. கொழுந்துச் சாக்கோடு மேட்டுக்காட்டில் சறுக்கி விழுந்து, முட்டு பிசகி இரண்டு மாதம் படுத்திருந்தாள். "மேடு ஏற முடியலன்னா பேர வெட்டிருவாக, லயத்தையும் காலி பண்ணணும்" என்று சூப்பர்வைசர் மாமா சொல்லிவிட்டார். அப்பா இல்லாத எங்களுக்கு அந்த ஒற்றை அறையை விட்டால் போக்கிடம் இல்லை. சூப்பர்வைசர் மாமாவும் எங்கள் சபைதான். "அவரு கண்ணு முன்னாடியே ஏறிக் காட்டுதேன்" என்று அம்மா ஒரு கம்பை ஊன்றிக் கிளம்பினாள்.

ஆறாவது கல்லில் கூட்டம் வேர்த்துக் காத்து நின்றபோது சூப்பர்வைசர் மாமா சிரித்தார். "செல்லம்மா, நீ வந்து சேருறதுக்குள்ள ஈஸ்டரே வந்துரும் போலயே!"

"வரட்டும் அண்ணாச்சி, ரெண்டையும் சேத்தே கொண்டாடிக்கிடுவோம்" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லிலும் முணுமுணுப்பு கூடியது. பதினோராவது கல்லுக்கு நான் முன்னால் ஓடிவிட்டேன். பாட்டைத் தொடங்கிவைக்கும், கண்பார்வை மங்கிய சபை உபதேசியார் வழக்கம்போல, "கடைசி ஆள் வந்தாச்சா?" என்று கேட்டார். கீழே வளைவில் அம்மாவின் தலைத்துணி மட்டும்தான் தெரிந்தது. இன்னொரு முறை அவளைப் பார்த்து யாரும் உதட்டைப் பிதுக்கக் கூடாது என்று, "வந்தாச்சு" என்றேன். பாட்டு எழுந்தது. ஆழத்தில் கிடக்கிற ஒருவன் மேலே பார்த்துக் கூப்பிடுகிற பாட்டு அது.

"ஏய், நிறுத்துங்க! நான் இன்னும் கல்லத் தொடல!"

பள்ளத்திலிருந்து வந்த அந்தக் குரலில் பாட்டு அறுந்துவிட்டது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அம்மா கம்பு ஊன்றி, முழங்காலைக் கையால் பிடித்துப் பிடித்து, யார் உதவியையும் வாங்காமல் ஏறிவந்து கல்லைத் தொட்டாள். "ஏட்டி, எனக்காக நீ பொய் சொல்லாண்டாம். காலு என்னுது, நான் ஏறிக்கிடுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "மொதல்லருந்து பாடுங்கய்யா" என்றாள். பாடினார்கள்.

உச்சியில் சூப்பர்வைசர் மாமா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "நாளைக்கு மேட்டுக்காட்டுக்கு வந்துரு. மெதுவா ஏறு. நீ வாரவரைக்கும் வரிசைய நிறுத்தி வைக்கேன்."

"வராம எங்க போவேன்?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவள் கொழுந்தெடுத்தாள். இன்று அவள் இல்லை, லயத்தில் பாதிக் கூரையும் இல்லை. மலை உச்சிவரை ஜீப்புப் பாதை வந்துவிட்டது, ஒலிபெருக்கி பதினைந்து பாட்டையும் நிற்காமல் பாடி முடித்துவிடுகிறது, யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வண்டிப்பெரியாரில் துணி தைக்கிற நான் மட்டும் வருஷாவருஷம் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நடந்தே ஏறுகிறேன்.

இந்த வருஷம் பதினோராவது கல்லில் நின்றபோது, எங்களோடு கிளம்பிய, இப்போது தோட்டத்தில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு கீழ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தமிழ்ப் பாட்டு தெரியாதுல்லா, நாம தொடங்குவோம்க்கா" என்றாள் கூட வந்தவள்.

"கல்லத் தொடட்டும்" என்றேன்.