வெட்டப்படாத குளமும் எங்கள் ஐயாவும்

எங்கள் ஐயா ஊர்காவற்றுறைக்கு அப்பால், தரவைப் புல்வெளியை ஒட்டிய வளவொன்றில், கமக்காரக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார் என்று இந்த நினைவு மலர்க் கட்டுரையைத் தொடங்கும்படி கனடாவிலிருந்து வந்திருக்கும் அண்ணா சொன்னார். தொடங்கிவிட்டேன். மிகுதியை என் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார். அது அவர் செய்த பிழை.

ஐயா ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பின்னர் ஊர்காவற்றுறையிலும் படித்தார். தபாற்கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை தீவுகளிலும் குடாநாட்டிலும் கடமையாற்றினார். கடிதத்தில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. பக்கத்து வளவுக்காரருடன் எல்லை வேலியால் பிணக்கு வந்தபோது, வேலிக்கு மேலால் கூப்பிட்டுப் பேசாமல் பதிவுத் தபாலில் கடிதம் போட்ட மனிதர் அவர். அனலைதீவில் பிறந்த எங்கள் அம்மாவைக் கைப்பிடித்து அண்ணாவையும் என்னையும் பெற்றார். அம்மா எங்களை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. நான் இதே ஊரில் ஆசிரியையாக இருக்கிறேன். கடைசிவரை ஐயாவுடன் ஒரே வீட்டில் இருந்தவள் என்பதால், அவரைப் பற்றிக் குறை சொல்லும் உரிமையும் எனக்குத்தான் கூட.

ஐயா குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், ஒருவரையும் வைதறியார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். செத்தவீட்டில் எல்லோரும் இதையேதான் சொன்னீர்கள். ஆனால் அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மற்றவர்கள் செய்யவேண்டிய வேலையை அவர்களிடம் கேட்காமல் தானே செய்துவிடுவார். அந்தப் பழக்கம் எங்களை இப்போது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தரவையின் நடுவில் உள்ள தாழ்வு நிலத்தை எல்லோரும் அறிவீர்கள். மாரியில் மேட்டு வயல்களின் வெள்ளமெல்லாம் அங்கேதான் வந்து சேரும். வந்த வேகத்தில் வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்விடும். அந்த இடத்தில் குளம் வெட்டி நீரைத் தேக்கினால் அது நிலத்துக்குள் இறங்கும், சுற்றியுள்ள கிணறுகள் உவராகாமல் இருக்கும் என்று ஊர்க் கமக்காரர் சங்கம் ஒரு காலத்தில் விண்ணப்பம் செய்தது. ஐயா அப்போது சங்கத்தின் செயலாளர், இளந்தாரி. காணி அரசுக்குரியது. ஆனாலும் அங்கே குளம் வெட்டவும், அந்த வெள்ளத்தைத் தேக்கிக்கொள்ளவும் எங்கள் ஊருக்கு எழுத்தில் உரிமை கிடைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. ஊரவர் வேலையைக் கைவிட்டால் உரிமையும் போய்விடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலை நடக்கிறது என்று காட்டி அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

குளம் வெட்டப் பெரிய இயந்திரங்கள் வேண்டும். அதற்கு வழி பிறப்பதற்குள் யுத்தத்தால் நாங்கள் இடம்பெயர்ந்துவிட்டோம். புறப்பட்ட அன்று ஐயா அம்மாவின் தையல் மெசினை விட்டுவிட்டுக் குளத்துப் பைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டினார். போன இடத்தில் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றின் மூலையில் இருந்தபடியே, உரிய காலத்தில் ஐயாவின் பதிவுத் தபால் போயிற்று. “வேலை தற்காலிகமாக நின்றுள்ளது, கைவிடப்படவில்லை.” பால்மாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்தெறிய வேண்டும் போல இருந்தது.

ஊர் திரும்பியபோது சங்கத்தில் ஐயா மட்டும்தான் மிஞ்சியிருந்தார். மற்றவர்கள் வெளிநாட்டில், அல்லது உயிரோடு இல்லை. ஆனாலும் சங்கம் தொடக்கத்திலேயே வைத்திருந்த ஒரு வழக்கத்தை அவர் விடவில்லை. மாரி தொடங்குமுன் ஒரு காலையில் வீட்டுக்கு ஒருவர் தரவைக்கு வந்து, தாழ்விலிருந்து ஒரு கடகப் பெட்டி மண் வெட்டிக் கரையில் கொட்டிவிட்டுப் பட்டியலில் கையெழுத்து வைக்கவேண்டும். குளம் அதனால் வெட்டுப்படாது என்று ஐயாவுக்கும் தெரியும். ஊரே இதைக் கேட்கிறது, ஊரே இதில் கை வைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

முதல் ஆண்டு பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பிறகு ஐந்தாறு பேர். பிறகு ஐயாவும் நானும். நானும் திட்டிக்கொண்டேதான் போவேன். வராதவர்களின் வாசலுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்கச் சொன்னால் ஐயா மாட்டார். “அதுகளுக்கு என்ன கரைச்சலோ, பிள்ளை” என்பார். சொல்லிவிட்டு அவர்களுடைய கடகத்தையும் தானே வெட்டிக் கொட்டுவார். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் ஒவ்வொரு கடகம். ஆளில்லாமல் பற்றை மண்டிய வளவுகளுக்கும் ஒவ்வொரு கடகம். ஒரே நாளில் முடியாது; ஒரு கிழமை எடுக்கும். முடிந்ததும் விறாந்தையில் கதிரையைப் போட்டு, பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்காரரின் பெயரையும் எழுதி, அதற்கு எதிரே கையெழுத்தும் வைப்பார். ஒரு வீட்டையும் விடமாட்டார்.

ஊரில் அவரைப் பகிடி பண்ணாதவர்கள் குறைவு. “செயலாளர், குளத்திலை இந்த முறை நீந்தலாமோ?” என்று சந்தியில் கேட்பார்கள். ஐயா சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால், அப்படிக் கேட்ட வீடுகளின் கிணறுகளும் ஒவ்வொன்றாக உவராகிக்கொண்டிருந்தன. கோடையில் தண்ணீர்ப் பவுசர் வரும் நாளில் வாளிகளோடு வரிசையில் நிற்பவர்களும் அவர்களேதான்.

அண்ணாவை மட்டும் விட்டுவைப்பானேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் தொலைபேசியில் ஐயாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“ஐயா, உந்தத் தரவையிலை ஒரு மண்டபம் கட்டுவம். இஞ்சையிருக்கிற ஊர் ஆக்கள் எல்லாரும் சேர்ந்து செய்யிறம் எண்டு சொல்லுகினம். கலியாணத்துக்கும் உதவும், செத்தவீட்டுக்கும் உதவும்.”

“மண்டபத்துக்குத் தண்ணி?”

“பவுசரிலை எடுக்கலாம்தானே.”

“பவுசர் எங்கையிருந்து எடுக்கும், தம்பி?”

“குழாய்த் தண்ணி வரப்போகுதாமே, ஐயா.”

“வரட்டும். வந்தா நல்லதுதானே. குளத்தை இப்ப வெட்டவேணும் எண்டு நான் சொல்லேல்லை. உரிமை எங்கடை கையிலை இருந்தா, நாளைக்கு உங்கடை பிள்ளையள் வந்தெண்டாலும் வெட்டலாம். ஒருக்கா விட்டமெண்டா, பிறகு ஆராலையும் வெட்ட ஏலாது.”

அண்ணா அதற்குப் பிறகு மண்டபம் பற்றிப் பேசவில்லை. குளம் பற்றியும் பேசவில்லை.

இந்த ஆண்டு புதுப்பிக்கும் முறை வந்தது. உரிமை தந்த கந்தோரிலிருந்து, புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு பெண் அதிகாரி தரவைக்கே நேரில் வந்தார். முன்னர் இருந்தவர்கள் ஐயாவின் கடிதத்தைப் படித்துவிட்டு முத்திரை குத்தி அனுப்புவதோடு சரி. இந்தப் பிள்ளை பட்டியலைக் கையில் வாங்கி, கரையில் நின்றே முழுவதும் வாசித்தார்.

“ஐயா, இதிலை இருக்கிற கையெழுத்தெல்லாம் ஒராள் வைச்ச மாதிரி இருக்கே?”

“ஓம். நான்தான் வைச்சனான்.”

“அப்ப இந்தப் பெயரிலை இருக்கிற ஆக்கள்?”

“கனபேர் வெளியிலை. சிலபேர் உயிரோடை இல்லை.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஐயாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை. “வேலை நடந்தது, பிள்ளை. மண் கரையிலைதானே கிடக்குது, பாரும்” என்றார்.

“மண் கிடக்குது, ஐயா. நீங்கள் பட்டபாடு தெரியுது. ஆனா, இந்தக் குளம் உங்களுக்கு வேணும் எண்டுதான் இதிலை தெரியுது. ஊருக்கு வேணும் எண்டு ஒரு இடத்திலையும் இல்லையே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பொய்ப் பட்டியல் என்று அறிக்கை எழுதி அன்றைக்கே உரிமையை நீக்கியிருக்கலாம். அதைச் செய்யாமல் ஒரு தவணை தந்தார். மாரிக்கு முன் இன்னொரு முறை வருவார். அன்று ஊரிலிருக்கும் வீட்டுக்காரர்கள் நேரில் வந்து, அவர் கண் முன்னால் மண் வெட்டி, தங்கள் கையாலேயே ஒப்பமிட வேண்டும். பாதி வீடாவது வராவிட்டால் உரிமை ரத்து.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் ஐயாவை ஏசினேன். இத்தனை வருஷப் பாட்டையும் ஒரு பட்டியலில் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டீர்களே என்றேன். கள்ளக் கையெழுத்து என்ற சொல்லையும் சொன்னேன். தபாற்கந்தோரில் ஒரு முத்திரை பிழையாக விழுந்தாலே சாப்பிடாமல் இருந்த மனிதரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

ஐயா வாசலில் நின்று காலைக் கழுவினார். பிறகு, “பெயரில்லாமல் விட்டா அந்த வீடு இல்லையெண்டு ஆகிப்போடும், பிள்ளை. அதுதான் வைச்சனான்” என்றார். நான் அதற்குப் பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டேன். அந்தப் பதிலைச் சொல்லாமல் விட்டதற்காக இப்போது நான் படும் துக்கத்தை எந்தச் சொல்லில் எழுதுவது என்று தெரியவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் ஐயா ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் எழுதினார். நடந்து போகும் தூரத்திலுள்ள வீடுகளுக்குப் பதிவுத் தபால்! நேரில் போய்க் கேளுங்கள் என்று மன்றாடினேன். “நேரிலை கேட்டா ஆக்களுக்குச் சங்கடம்” என்றார். எழுதிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு நோகிறது என்றார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம்; அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் காலை, நான் முகம் கழுவிவிடும்போது, கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று கேட்டார். ஓம் என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. அன்று மத்தியானம் எங்களை விட்டுப் பிரிந்தார்.

கடிதங்கள் போய்ச் சேர்ந்தது உண்மை. ஒரு வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை என்பதும் உண்மை.

செத்தவீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது. ஒழுங்கை முழுக்கச் சனம். இத்தனை பேர் ஊரில் இருக்கிறார்களா என்று எனக்கே அதிசயமாக இருந்தது. தரவைக்கு நேர் எதிரே குடியிருக்கும் எங்கள் சித்தப்பா, ஐயாவின் சொந்தத் தம்பி, தலைமாட்டில் இருந்து அழுதார். அந்த இடத்தில் கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

“சித்தப்பா, குளத்துக்கு அதிகாரி வாற அண்டைக்கு வருவியளோ?”

“எனக்கு முட்டு வருத்தம், பிள்ளை, மூச்சு வாங்கும். அண்ணை எப்பவும் என்ரை கடகத்தையும் சேர்த்துப் போட்டிடுவார்.”

“அண்ணை இந்தா படுத்திருக்கிறார், சித்தப்பா.”

சுற்றியிருந்தவர்கள் என்னைத் துக்கத்தில் தலை பிசகியவளைப் போலப் பார்த்தார்கள். ஒரு மாமி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் தலை பிசகவில்லை. கோபம்தான். இந்த முப்பத்தொரு நாளும் அது குறையவில்லை. உங்கள் மேல் கோபம், ஐயாவின் மேல் அதைவிடக் கோபம். கேட்டிருந்தால் வந்திருப்பீர்களோ என்னவோ. கேட்காமல் உங்களையெல்லாம் இப்படிப் பழக்கிவிட்டவர் அவர்தானே.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணா வாசித்தார். “உதையெல்லாம் நினைவு மலரிலை போடுறதே?” என்று கேட்டார். வேறு எதையும் நான் எழுதப்போவதில்லை என்றேன். மறுநாள் தன் விமானப் பயணத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. ஐயாவின் பிள்ளைதானே.

இனி நன்றி சொல்லும் முறை. ஐயாவைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், ஆட்டோ ஓட்டிவந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், பந்தலிட்டும் சமைத்தும் எங்களோடு நின்றவர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து துயர் பகிர்ந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன்.

குளத்துக்கான நன்றியை இப்போது எழுத முடியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியவேண்டியது இதுதான். வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அதிகாரி தரவைக்கு வருகிறார். செத்தவீட்டுத் துடக்குக் கழிந்துவிட்டதால் நாங்களும் வருவோம். ஊர் வீடுகளின் பெயர்கள் எழுதிய புதிய பட்டியல் என்னிடம் இருக்கிறது. பெயர்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததில், அந்தக் கையெழுத்துகள் அத்தனையையும் ஐயாவைப் போலவே வைக்க எனக்குத் தெரியும். வைக்கமாட்டேன்.