இருபது நிமிடக் கேசட்டும் ஒரு பிளாப்பி டிரைவும்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில், ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் மூன்று மணிக்கு என் மனைவியின் அண்ணன் பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்கு வருவார், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க. தங்கையைப் பார்க்க அல்ல. அதற்கு அவருக்கு அனுமதி இல்லை. யாழ்ப்பாணத்து வழிவந்த அரசாங்க உத்தியோகக் குடும்பத்துப் பெண், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகனை, அதுவும் ஒரு கிறிஸ்தவனைக் கட்டிக்கொண்டதில் என் மாமியார் கதவைச் சாத்திவிட்டார். மச்சான் தொலைபேசி இலாகாவில் டெக்னிஷியன். கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறேன் என்று அவர் சொன்னால் மாமியாரால் மறுக்க முடியவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆகவே வந்ததும் உண்மையிலேயே கம்ப்யூட்டரைப் பார்ப்பார்.

பார்ப்பதற்கு முன் காத்திருக்க வேண்டும். நான் பள்ளி ஆசிரியர். மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்த நாங்கள் இருவரும் எழுதிய புரோகிராம் ஒரு கேசட்டில் இருந்தது. டேப் ரிக்கார்டரில் போட்டால் அது கம்ப்யூட்டருக்குள் ஏற இருபது நிமிடம். அதுவரை நான் திரைக்கு முன்னால் காவல், மச்சான் சமையலறையில். அங்கே அவருக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தேநீர் சாப்பாட்டில் சேராது என்று முதல் மாதம் தீர்ப்பாயிற்று. தேநீரோடு வரும் பிஸ்கட் தேநீரில்தான் சேரும் என்று இரண்டாம் மாதம். நான்காம் மாதம் கிண்ணம் நிறையத் தேங்காய்ப்பால் சொதி குடித்துக்கொண்டிருந்தார். அது திரவமாம். அதில் மூழ்கிக் கிடந்த இடியப்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

எனக்கோ அந்த இருபது நிமிடம் எரிச்சலாக இருந்தது. பிளாப்பி டிரைவ் வாங்கப் போகிறேன் என்றேன். தனிப் பெட்டியாக வரும். வயரை மாட்டி டிஸ்கைச் செருகினால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும்.

“இப்ப என்ன அவசரம்? டேப் நல்லாத்தானே ஓடுது?” என்றாள் மனைவி. அதுவரை அந்த டேப்பின் கீச்சுச் சத்தத்தை அவள் திட்டாத நாளே இல்லை.

ஒரு சனிக்கிழமை மச்சானைக் காலையிலேயே வரச்சொல்லி, டவுனில் ஒரு மாடிக்கடைக்கு அழைத்துப் போனேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே இரண்டு டிரைவ்களை மேசைமேல் வைத்தார். ஒன்று கம்ப்யூட்டர் செய்த கம்பெனியே செய்தது, செங்கல் கனம். மற்றது தைவானிலிருந்து வந்தது, லேசு. மச்சான் கனமானதன் முதுகில் கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல் கண்ணை மூடினார். “சூடாகுது. நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காது லா.” லேசானதற்கு வயர் குட்டையாம். அடுத்த வாரம் தவுக்கே நீள வயர் வரவழைத்தார். மூடி லூஸ் என்றார் மச்சான். அதற்கடுத்த வாரம் சத்தம் அதிகம்.

“வாத்தியாரே, நீங்க டிரைவ் தேடுறீங்களா, மருமகன் தேடுறீங்களா?” என்று தவுக்கே மலாயில் கேட்டுச் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மனிதருக்கு எதுவுமே பிடிக்காது என்று முடிவுகட்டி, புதன்கிழமை பள்ளி விட்டதும் தனியாகப் போய் அந்தச் செங்கல்லையே வாங்கி வந்தேன். இரண்டு நாள் மெனக்கெட்டு, கேசட்டில் இருந்ததை டிஸ்குக்கு மாற்றினேன்.

சனிக்கிழமை மச்சான் ஹெல்மெட்டைக் கீழே வைப்பதற்குள் டிஸ்கைச் செருகினேன். விர்ரென்று ஒரு சத்தம். மதிப்பெண் பட்டியல் திரையில் வந்து நின்றது.

“எப்படி?” என்றேன், டிரைவை நானே செய்த மாதிரி.

“நல்லாருக்கு,” என்றார். பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். பார்க்க வேறொன்றும் இல்லை. அம்மாவிடம் அவர் சொல்லிவிட்டு வந்த வேலையும் அவ்வளவுதான். “அப்ப நான் வாரேன்.”

மனைவி தட்டோடு கூடத்துக்கு வந்தபோது மோட்டார் சைக்கிள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

“அண்ணா போயிட்டாரா?” என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாதக்கணக்காக அந்த இருபது நிமிடத்தில் என் வீட்டுச் சமையலறையிலேயே நடந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் நான் ஊர்ப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறவன்.

அடுத்த சனிக்கிழமை டிரைவை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிமேல் ஏற்றிவிட்டு, டேப் ரிக்கார்டரை எடுத்து வைத்தேன். மச்சான் வந்தார். மேசையைப் பார்த்தார்.

“டிரைவ் எங்க?”

“நீங்க சொன்னது சரிதான் மச்சான். ரொம்பச் சூடாகுது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். டேப்பின் சத்தம் சற்றே குறைந்தாலும் கம்ப்யூட்டருக்குப் புரியாது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். மச்சான் கையை நீட்டிச் சத்தக் குமிழை ஒரு நூல் இடப்பக்கம் திருப்பிவிட்டு, சமையலறைக்குப் போனார்.

இருபது நிமிடம் கழித்து உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “ஏறிட்டுதா?”

“இல்ல, ஏறல. திரும்பப் போடணும்.”

“இருங்கோ அண்ணா,” என்று அவள் சொல்வது கேட்டது.