மெரிக்கான் தொரையின் நற்பெயர்

மஹய்யாவையில் குடியிருந்த செல்லச்சாமி, கண்டியில் ஒரு மயானத்தின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாகத் தற்காலிக ஊழியர். பிரஜாவுரிமை இல்லாதவரை நிரந்தரமாக்குவதில்லை. எந்த வெள்ளைக்காரர் எந்த வருடம் எந்தக் காய்ச்சலில் செத்தார் என்பதை நின்ற இடத்திலேயே சொல்லுவார். சீமையிலிருந்து பாட்டனைத் தேடி வருகிறவர்கள் அவரைத்தான் விசாரிப்பார்கள். அதை அவர் ஒரு பதவி என்றே நினைத்திருந்தார்.

அவருடைய சொந்தத் தகப்பனைப் பற்றி அரசாங்கம் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு எழுத்தில் சான்று வேண்டும் என்றது சட்டம். தோட்டத்துப் பிள்ளைகள் பிறந்ததை அக்கறையாகப் பதிந்துவைக்க யாரும் இருந்ததில்லை. இல்லாததைக் கொண்டுவா என்று கேட்பதற்கு மட்டும் ஒரு அரசாங்கக் கந்தோர், உட்கார நாற்பது கதிரை, பெயர் கூப்பிட ஒரு மணி. விண்ணப்பம் தள்ளுபடியானால் வேலையும் போய்விடும்.

1957 மாசியில் பெல்நாப் என்ற அமெரிக்கர் வந்தார். அவருடைய பூட்டன் பாஸ்டனிலிருந்து வந்து, மடுல்கெல்லையில் கோப்பித் தோட்டம் போட்டு, அங்கேயே இறந்தவராம். பூட்டனின் நாட்குறிப்பு பாஸ்டன் வீட்டில் ஒரு பெட்டியில் இருந்தது. கல்லறையையும் தோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நாட்குறிப்பில் கூலிகளின் பெயர்களும் உண்டு என்று கேட்டதும் செல்லச்சாமி பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார். அவர் பாட்டன் முத்தன் வேலை செய்தது அந்தத் தோட்டத்தில்தான். முத்தனின் பெயர் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து அனுப்புவதாகப் பெல்நாப் வாக்குக் கொடுத்தார்; தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்க்கச் செல்லச்சாமி சம்மதித்தார்.

வீட்டில் மனைவி இராஜேஸ்வரி சொன்னாள்: “ஒங்க தாத்தா முதுகு பூரா தழும்பு. அந்த அடி தாங்காமத்தானே மாசமா இருந்த பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ராவோட ராவா எறங்கி ஓடுனாரு. ஒங்க அப்பா கெலிஓயாவுல ஒரு முஸ்லிம் நானாவோட மாட்டுக் கொட்டகையில பொறந்தாரு. இப்ப அடிச்சவனோட சமாதியத் தேடிக் குடுக்க லீவு போடுறீங்களாக்கும்?”

“பழசக் கெளறாத. காயிதம் கெடைக்கட்டும்.”

மடுல்கெல்லையில், அமெரிக்கன் தொரை இருந்ததால், அந்த மலையை இன்றைக்கும் மெரிக்கான் மலை என்கிறார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்து எழுபது வருடமாகியிருந்தது. பெல்நாப் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பதினோரு வருடம் இருந்துவிட்டுச் செத்தவனுக்கு மண்ணில் உரிமை இருந்தது. மூன்று தலைமுறையாக அதைக் கொத்தியவர்கள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கல்லறையின் மேல் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. முன்னால் பாதி எரிந்த சுருட்டு. சாராயப் போத்தல். பெல்நாப் அதைச் சுற்றி வந்தார். இதெல்லாம் என்ன என்று கேட்டார். கொழுந்துக் கூடையோடு நின்ற பாப்பம்மா என்ற கிழவி பதில் சொன்னாள்.

“பாழாப் போறவன், ஆள ஆளக் கட்டி வச்சு அடிச்சவன்யா. எந்திரிச்சு வந்துறக் கூடாதுன்னுதான் வருசா வருசம் சுருட்டு வைக்கிறோம். சாராயத்தக் குடிச்சிப்புட்டு உள்ளுக்கே கெடக்கட்டும்!”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெல்நாப் செல்லச்சாமியைப் பார்த்தார். செல்லச்சாமி ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்: “இவர்கள் அவரைத் தெய்வமாக வணங்குகிறார்கள். பெற்ற தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்டாராம். கை ஓங்கியதே இல்லையாம்.”

பெல்நாப் கண்ணைத் துடைத்தார்.

“தொரை ஏன்யா அழுவுறாரு? என்னா சொன்னீங்க?”

“நல்லதாத்தான் சொன்னேன் ஆத்தா.”

“நான் நல்லதா ஒன்னுமே சொல்லலியே!”

பயத்தில் சொன்ன பொய்யென்றால் பொறுக்கலாம். இது சன்மானத்துக்காகச் சொன்னது. தாத்தாவின் முதுகைக் கொடுத்துப் பேரன் ஒரு காகிதம் வாங்கினான்.

காகிதம் மூன்று மாதத்தில் வந்தது. 1878 பங்குனியில் ஒரு வரி: ‘முத்தன், கர்ப்பிணி மனைவியுடன் ஓடிவிட்டான்.’ கூடவே பெல்நாப் கையொப்பமிட்ட ஒரு கடிதம். திரு. செல்லச்சாமி நம்பத்தகுந்தவர், தம் பூட்டன் கூலிகளை ஒருநாளும் அடித்ததில்லை என்பதை மக்களிடமிருந்தே கேட்டறிந்து தமக்குச் சொன்னவர் என்று புகழ்ந்திருந்தது. செல்லச்சாமி அதை நாலு பேருக்குப் படித்துக் காட்டினார். பிறகு இரண்டையும் விண்ணப்பத்தோடு கோத்துக் கொடுத்தார்.

விசாரணை அதிகாரிக்கு நன்றாகத் தமிழ் தெரியும். நிதானமாகக் கேட்டார்.

“முத்தனுக்கு இது தலைப்பிள்ளையா?”

“ஆமாங்க, எங்கப்பாதான்.”

“தலைப்பிரசவத்துக்குப் பொம்பளைய தாய் வீட்டுக்கு அனுப்புறது உங்க ஆட்களோட வழக்கம்தானே? அவங்க தாய் வீடு எங்க?”

“இந்தியாவுல, புதுக்கோட்டைப் பக்கமுங்க. ஆனா அங்க போகலிங்க. கெலிஓயாவுலதான்...”

“போகாட்டி ஏன் தோட்டத்த விட்டு ஓடணும்?”

“அடிங்க. தொரை அடிச்சதாலங்க.”

அதிகாரி கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, விரலால் அந்த வரியைக் காட்டினார். “அடிச்சதே இல்லன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? நம்பத்தகுந்தவர்னும் போட்டிருக்கு.”

வெளியே பெயர் கூப்பிடும் மணி இரண்டு முறை அடித்தது. செல்லச்சாமி கதிரையை விட்டு எழுந்தார்.

“அது நான் சொன்ன பொய்ங்க. அந்த சனங்க சொன்னத மாத்திச் சொன்னேன். எங்க தாத்தாவ அந்தாளு கட்டி வச்சு அடிச்சாரு. தழும்ப எங்கப்பா தடவிப் பாத்திருக்காரு.”

“அப்ப எந்தப் பேச்ச நான் எழுதுறது?”

“இதங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். தீர்ப்பில் அது ‘மனுதாரர் தமக்குத் தாமே முரண்படுகிறார்’ என்று ஆனது. விண்ணப்பம் தள்ளுபடி. அந்த மாதக் கடைசியோடு வேலையும் போயிற்று.

அவருடைய ஐம்பது வருட வாழ்க்கையில் மெச்சுவதற்கு அந்த ஒரு விடை இருக்கிறது. கேட்க வேண்டியவர் பாஸ்டனில் இருந்தார், அவருக்கு அது போய்ச் சேரவில்லை. இராஜேஸ்வரிதான் கேட்டாள். “இத மலையில வச்சே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?” என்றாள்.